அரை இஞ்ச் அண்ணனும் இரண்டு ரகசியமும்

எதிர்க்கடை அண்ணன் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடக்கோடிவரை ஒடித்துப் பிடித்துக்கொண்டு, பெட்ரோல் டாங்கின் மேல் காதைப் பதித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு வலக்கோடி. மறுபடியும் இடக்கோடி. நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கிறது. அந்த நேரத்தில் யார் போய் என்ன கேட்டாலும் காதில் ஏறாது. "அண்ணே, கடை பத்திக்கிச்சு!" என்று கத்தினால்கூட, "இருங்க தம்பி, இந்தப் பக்கம் சத்தம் ஒரு இழை ஏறுது" என்பார்.

புது ஹேண்டில் மாட்டிய வண்டியில் அந்த ஒரு இழைதான் விஷயமே. ஹேண்டில் கொஞ்சம் உயர்ந்தாலோ பின்னால் வந்தாலோ ஆக்சிலேட்டர் ஒயர் எட்டாமல் போகும். நேராக ஓட்டும்வரை ஒன்றும் தெரியாது. திருப்பும்போது ஒயர் இழுபட்டு, கை முறுக்காமலே எஞ்சின் உறுமும். அப்படி ஒரு வண்டியோடு சந்தில் திரும்பினால் நேரே யாருடைய வாசற்கதவிலோ போய்த்தான் நிற்க வேண்டும். அதனால் இவர் ஒரு வண்டிக்குப் பத்துத் தடவையாவது காது கொடுக்காமல் விடமாட்டார்.

எதிர்ச்சாரியில் என் மூக்குக்கண்ணாடிக் கடை. பதினெட்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம். என் கடையில் கூட்டம் குறைவு, எனக்கோ வாய் அதிகம். ஆகவே பாதி நாள் நான் அங்கேதான் கிடப்பேன். என்னிடம் வாங்கிய கண்ணாடியின் காம்பு உடைந்ததும் அதைப் பிரேக் ஒயரால் சுற்றிக் கட்டிக்கொண்டு திரிகிறார் மனிதர். "வேற தர்றேன், கழட்டுங்கண்ணே. என் கடைக்கே அசிங்கம்" என்றால், "ஒரிஜினலை எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்கிறார்.

தெருவில் அவருக்குப் பெயர் அரை இஞ்ச் அண்ணன். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நெடுந்தூரம் போகும் பெரிய மோட்டார் சைக்கிள்களில் கம்பெனி ஹேண்டிலை எடுத்துவிட்டு, ஓட்டுகிறவரின் உடம்புக்கு ஏற்ற வேறு ஹேண்டில் மாட்டுவது அவர் தொழில். எஞ்சின் வேலை தெரியும், ஆனால் செய்ய மாட்டார். "கம்பெனிக்காரன் யாரோ ஒரு ஆளை மனசுல வெச்சுக்கிட்டு இந்த ஹேண்டிலைச் செஞ்சிருக்கான். அந்த ஆளை மட்டும் நான் இன்னிவரைக்கும் பார்த்ததில்ல" என்பார். வந்தவரை வண்டியில் உட்காரவைத்து, ஹேண்டிலைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒரு மரக்கம்பை நீட்டிப் பிடிப்பார். "இங்கயா? இன்னும் ஒரு அரை இஞ்ச் வரட்டுமா? இங்கயா?" என்று கம்பை நெஞ்சை நோக்கி நகர்த்திக்கொண்டே வருவார். எங்கே "ஆங்!" என்ற சத்தம் வருகிறதோ அங்கே அளவு.

"கல்யாணத்தன்னிக்கு போட்டோ எடுக்கிறப்பவே 'இன்னும் ஒரு அரை இஞ்ச் தள்ளி நில்லு'ன்ன ஆளு இவரு. அன்னிக்கே நான் சுதாரிச்சிருக்கணும்" என்று குரல் மட்டும் வரும். அது அண்ணியின் குரல். பக்கத்துக் கடை அண்ணியின் தையல் கடை. இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர், சுவரில் தலை நுழையும் அளவு ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் வழியாகக் கத்தரிக்கோல் போகும், டீ வரும், கேலி மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். "உங்க அம்மா வயித்துல இருந்து வர்றப்பவும் அளவெடுத்துட்டுத்தான் வந்தீங்களா?" என்று அண்ணி கேட்டால், இவர் தலையைத் தூக்காமலே, "நீ மட்டும்? போன வாரம் ஒருத்தருக்குக் கைக்குப் பதிலா காலை அளந்தியாமே!" என்பார். தையல் மெஷினும் சிரிப்பும் சேர்ந்து ஓடும்.

அவருடைய கொள்கை ஒன்று உண்டு. அதில் விரலை வைத்தால் மட்டும் மனிதருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வண்டியோடு பிறந்த எதையும் வெட்டக் கூடாது, ராவக் கூடாது, துளைக்கக் கூடாது. ஸ்விட்ச் பெட்டியின் உள்ளே ஒரு சின்ன முளை இருக்கும். கம்பெனி ஹேண்டிலில் அதற்கென்று ஒரு துளை இருக்கும். முளை அதில் போய் உட்கார்ந்துகொண்டால் பெட்டி சுற்றாது. வெளியே வாங்கும் ஹேண்டிலில் அந்தத் துளை இருக்காது. மற்ற பட்டறைகளில் என்ன செய்வார்கள்? முளையை ஒரே நறுக்கு! ஐந்து நிமிஷ வேலை. இவர் அரைநாள் உட்கார்ந்து, கோணம் பார்த்து, ஓட்டுகிறவரின் கட்டைவிரல் ஹாரனில் தானாகப் போய் விழுகிறதா என்று ஒன்பது முறை சோதித்து, புது ஹேண்டிலில் துளை போடுவார். "புதுசா வீட்டுக்கு வந்தவன்தான் வளைஞ்சு கொடுக்கணும். ஏற்கனவே இருக்கிறவங்களை நறுக்கிட்டு உள்ள வரக் கூடாது."

கழற்றிய திருகாணிகள் எல்லாம் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் பென்சிலில் ஒரு குறிப்பு: 'இட கண்ணாடி', 'நடு மூடி மேல்', 'நடு மூடி கீழ் (கொஞ்சம் வளைஞ்சது, ஆனா இதுதான்)'. வேலை முடிந்து வண்டி வெளியே போகும்போது என்ன மாறியிருக்கிறது என்று வண்டியைப் பெற்றவனாலும் சொல்ல முடியாது. கையில் பிடிக்கும் உறை அதேதான், முனைக் குண்டு அதேதான், கண்ணாடியில் இருந்த கீறல்கூட அதே கீறல்தான். பிடிக்கிற கைக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

இந்தத் திறமையைக் கேள்விப்பட்டுத்தான் ரயில்காரர் வந்தார்.

நாற்பது வருஷம் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹேண்டிலே இல்லாத வண்டியை ஆயுசு பூராவும் ஓட்டியவருக்கு ஹேண்டில் பிரச்சினை வந்திருக்கிறது பாருங்கள்! கட்டுமஸ்தான உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, மணிக்கூண்டு மாதிரி நிமிர்ந்த நடை. அவர் வண்டி முன்பக்கம் முழுக்க மூடிய பெரிய டூரிங் வண்டி. இரண்டு பக்கமும் பெட்டி, பின்னால் சாய்மானம். வருஷா வருஷம் அவரும் மனைவியும் அதில் மூன்று நாள் பயணமாக மலையைத் தாண்டி மகள் வீட்டுக்குப் போவார்கள். "இந்தத் தடவையாவது ரயில்ல வாங்கப்பா" என்று மகள் சொன்னாளாம். "யாரோ ஓட்ட நான் பின்னாடி பெட்டியில உட்கார்ந்து வரணுமா? அந்த ஆளு பிரேக் போடறதைப் பார்த்தா எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்" என்றாராம் இவர்.

அன்று என் கடைக் கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அரை இஞ்ச் அண்ணனோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். ரயில்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நம்ம ஆளுதான், சொல்லுங்க" என்றார் அண்ணன்.

"இடது தோள் இறுகிப் போச்சு" என்று குரலைத் தாழ்த்தினார் ரயில்காரர். "டாக்டரைப் பார்த்தேன். சரியாயிடுமாம், ஆனா நாளாகுமாம். வண்டி ஓட்டலாம், கையை நீட்டிப் பிடிக்கக் கூடாதாம். வீட்டுல தெரியாது. தெரிஞ்சா 'போதும், வண்டியை வித்துடுங்க'ன்னு சொல்லிடுவா. அவ சொல்லிட்டா என்னால மறுக்க முடியாது. பன்னெண்டு நாள்ல கிளம்பணும். ஹேண்டில் கொஞ்சம் கிட்ட வரணும், ஆனா பார்த்தா ஒண்ணுமே மாறின மாதிரி தெரியக் கூடாது. அவளுக்கு இந்த வண்டியில ஒரு நட்டு மாறினாலும் தெரிஞ்சுடும்."

அண்ணன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்! இதற்காகவே பிறந்தவர் போல் மரக்கம்பை எடுத்தார். ரயில்காரர் வண்டியில் ஏறி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். கம்பு ஒரு அரை இஞ்ச் தான் நகர்ந்திருக்கும். "ஆங், போதும் போதும். நல்லா எட்டுது."

"இன்னும் ஒரு அரை இஞ்ச்..."

"எட்டுதுன்னு சொல்றேனே! அவ்வளவு மோசமா போயிடலைங்க நான்."

நான்காம் நாள் வேலை முடிந்தது. துளை போட்டு, முளையை உட்காரவைத்து, ஒயரைப் புது வழியில் சுற்றி, மூடிகளையெல்லாம் அதனதன் இடத்தில் மாட்டி, சும்மா சொல்லக் கூடாது, கைவரிசை என்றால் அதுதான். ரயில்காரர் ஒரு சுற்றுப் போய்வந்தார். கிளம்பி இடப்பக்கம் திரும்பி, அந்தத் தெருவில் மறுபடி இடப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று ஒரு சதுரம் போட்டு வந்து நின்றார். "பிரமாதம்!" என்றார். கட்டைவிரலைக்கூடத் தூக்கிக் காட்டினார். "எதுக்கும் மூணு நாள் இங்கயே நிக்கட்டும், ஒயரெல்லாம் புது வழிக்குப் பழகணும், இன்னொரு தடவை பார்த்துட்டுத் தர்றேன்" என்று அண்ணன் வண்டியை நிறுத்திக்கொண்டார். வீட்டில் சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லியிருந்தாராம் ரயில்காரர்.

மறுநாள் காலை கடையைத் திறந்து ஷட்டர் முழுசாக மேலே போவதற்குள் அண்ணன் என் கடைக்குள் நுழைந்துவிட்டார். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி முகம். சத்தமும் போட முடியவில்லை, சும்மா இருக்கவும் முடியவில்லை.

"தம்பி, அந்தம்மா வந்திருக்காங்க!"

"எந்தம்மா?"

"ரயில்காரர் சம்சாரம். அண்ணிகிட்ட பேசிட்டு இருக்காங்க. நீங்களும் வாங்க."

போனேன். குட்டு வெளிப்பட்டுவிட்டது, வண்டிக்கு வேட்டு என்றுதான் நினைத்தோம். அந்தம்மா தையல் கடையில் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன உருவம், நரைத்த முடி, ஊசி மாதிரிக் கண். எங்களைப் பார்த்ததும் எழுந்து, வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

"தம்பி, நான் வந்தது அவருக்குத் தெரியக் கூடாது. அவருக்கு இடது தோள் வலிக்குது. வெளிய சொல்ல மாட்டேங்கறாரு. துவைக்கப் போட்ட சட்டைப் பையில டாக்டர் சீட்டு இருந்துச்சு. படிச்சுட்டு அப்படியே மடிச்சு வெச்சுட்டேன். வண்டி உங்ககிட்ட சர்வீஸுக்கு இருக்குன்னாரு. அந்த ஹேண்டிலைக் கொஞ்சம் கிட்ட கொண்டுவர முடியுமா? ஆனா பார்த்தா ஒண்ணுமே மாறின மாதிரி தெரியக் கூடாது."

அண்ணனின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. மனிதருக்குப் பொய் வராது. பொய் தொண்டைக்கு வருவதற்குள் காதுக்கு வந்துவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணியின் நூல்கண்டுகளை எண்ணுகிற மாதிரி நின்றேன். அண்ணி மெஷினுக்குக் கீழே எதையோ தேடப் போய்விட்டார், தோள் மட்டும் குலுங்கியது.

"ஏம்மா... அவர்கிட்டயே சொல்லிடலாமே?" என்றேன் நான்.

"சொன்னா என்ன ஆகும்? எனக்குப் பயம்னு நினைச்சு அவரே வண்டியை வித்துடுவாரு. அப்புறம் காலையில எந்திரிச்சு எங்க போவாரு? ஏற்கனவே ரயில் போச்சு." அந்தம்மா கைப்பையைத் திறந்தார்கள். "எனக்கும் போகணும் தம்பி. அந்த மலையில அவர் முதுகுக்குப் பின்னாடி உட்கார்ந்து போறப்ப எனக்கு வயசே ஞாபகத்துக்கு வராது. அதை விட்டுட முடியாது."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார்கள். நூலில் ஒரு முடிச்சு.

"அவர் பேப்பர் படிக்கிறப்ப கையை எங்க வெச்சுப் பிடிக்கிறாரோ, அதான் அவருக்கு வலிக்காத இடம். முன்னெல்லாம் நல்லா தள்ளிப் பிடிப்பாரு. இப்ப மூக்குகிட்ட வெச்சுக்கறாரு. கண்ணுல கோளாறுங்கறாரு, கண்ணுல ஒண்ணும் இல்ல. சட்டையில நூல் ஒட்டிட்டு இருக்கு, எடுக்கறேன்னு சொல்லி நெஞ்சுல இருந்து கைவரைக்கும் அளந்துட்டேன். முடிச்சு வரைக்கும்தான்."

அண்ணன் நூலை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் போனார். பிடித்துப் பார்த்தார். டேப்பை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தபோது முகம் வெளிறியிருந்தது. கம்பெனி ஹேண்டிலிலிருந்து இரண்டரை இஞ்ச் பின்னால் வர வேண்டுமாம். அவர் கொண்டு வந்திருந்தது அரை இஞ்ச்.

அந்தம்மா போனதும் அண்ணன் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு இஞ்ச் தம்பி! முப்பது வருஷத்துல ஒரு ஆளுக்கு நான் ரெண்டாவது ஹேண்டில் துளைச்சதில்ல. அரை இஞ்ச்னு பேர் வெச்சுக்கிட்டு ரெண்டு இஞ்ச் தப்புப் பண்ணியிருக்கேன்."

ஜன்னல் வழியாக அண்ணியின் தலை வந்தது. "அளவு குடுக்க வர்றவங்க எல்லாரும் வயித்தை உள்ள இழுத்துக்குவாங்க. எக்கிக்கிட்டு நிக்கிற வயித்துக்குத் தைச்சா சாப்பிட உட்காரும்போது பட்டன் தெறிக்கும். தையல்காரி ஒருத்தியைக் கட்டிக்கிட்டு இத்தனை வருஷமாச்சு, இதுகூடத் தெரியலையா? அவரு நெஞ்சை நிமிர்த்தினாரே, அப்பவே கம்பைக் கீழ வெச்சுட்டு ஒரு டீ குடுத்திருக்கணும். டீயைக் கையில பிடிச்சுட்டா எல்லாரும் அவங்கவங்க உடம்புக்கு வந்துடுவாங்க."

அண்ணன் எழுந்து போய் வண்டியின் ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தார். "இடப்பக்கமா மட்டும்தான் திரும்பினாரு" என்றார்.

"என்னது?"

"சுத்திட்டு வந்தாரே, எல்லாத் திருப்பமும் இடப்பக்கம். வலப்பக்கம் ஒடிச்சா இடது கை முன்னால போகணும். போகாது. அதான் போகல. பார்த்துட்டே நின்னேன், என் கண்ணுல படலையே!"

என் கண்ணிலும் படவில்லை. கண்ணாடிக் கடைக்காரன் நான்! என் கடையிலும் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் முன்னாலேயே மனப்பாடம் செய்துகொண்டு ஒப்பிக்கிற ஆட்கள் வாரத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். ரயில்காரர் மட்டும் எப்படி ஒத்துக்கொள்வார்? வாழ்நாளில் ஒரு நாள்கூட வண்டி தாமதம் என்று ஒப்புக்கொள்ளாத மனிதர்.

அன்று ஆரம்பித்து ஒரு வாரம் அண்ணன் தலைகீழாக நின்றார். இரண்டரை இஞ்ச் என்பது சும்மா வருகிற சங்கதியா? பின்னோக்கி நன்றாக வளைந்த ஹேண்டில் வாங்கியாகிவிட்டது. மாட்டிப் பார்த்தால், முழுக்க ஒடிக்கும்போது ஓட்டுகிறவரின் கட்டைவிரல் டாங்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. கொஞ்சம் உயர்த்தினால் ஸ்விட்ச் பெட்டி முன்பக்க மூடியில் இடித்தது. மூடியில் ஒரு நகம் அளவு வெட்டிவிட்டால் தீர்ந்தது கதை. நானே சொன்னேன், "யாருக்குண்ணே தெரியப் போகுது?" என்று. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் நான் என் கடைக்கே திரும்பிவிட்டேன்.

கடைசியில், ஹேண்டிலைப் பிடிக்கும் இரும்புப் பிடிக்கு அடியில் ஒரு துண்டு வைத்து உயர்த்தினார். உயர்த்தியதும் ஹேண்டிலின் நடுவை மறைக்கும் மூடி உட்காரவில்லை. அண்ணியிடம் தையல் காகிதம் வாங்கி, மூடியின் வடிவத்தை வெட்டி, அதே வடிவத்தில் கறுப்பு ரப்பரில் ஒரு மெத்தை வெட்டி அடியில் கொடுத்தார். ஓரத்தை அண்ணிதான் வெட்டிக் கொடுத்தார். "என் கத்தரிக்கோல் மழுங்கிடும், புதுசு வாங்கித் தரணும்" என்ற நிபந்தனையோடு. பிரேக் குழாய் எட்டாதபோது அதைக் கழற்றி, வண்டியின் கழுத்துக்கு முன்னால் சுற்றி வந்ததைப் பின்னால் விட்டு எடுத்தார். ஒன்றரை இஞ்ச் கிடைத்துவிட்டது! அன்று மனிதர் பட்டறைக்குள் ஒரு காலில் குதித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். "வழியை மாத்தினா நீளம் தானா வருது தம்பி!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

இதற்கு நடுவில் ரயில்காரர் இரண்டு தடவை வந்து கதவைத் தட்டினார். அண்ணன் அதற்கென்று ஒரு பொய்யைத் தயார் செய்து, கழற்றி வைத்த வண்டிக் கண்ணாடியின் முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தார். "அந்த ஹேண்டில் லேசா கோணலா இருந்துச்சு. திருப்பி அனுப்பிட்டு வேற வரவழைச்சிருக்கேன். அதே அளவுதான்." சொல்லும்போது காது சிவக்குமே என்று தலையில் துணி கட்டிக்கொண்டார். "என்னங்க, தலைவலியா?" என்று கேட்டார் ரயில்காரர். "ஆமா... இல்ல... பல்வலி" என்றார் அண்ணன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் படீரென்று நின்றது. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினார்.

பன்னிரண்டாம் நாளுக்கு முந்திய நாள் மாலை. ரயில்காரரும் மனைவியும் சேர்ந்தே வந்தார்கள். அண்ணன் வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தார். அந்தம்மா வண்டியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்கள். நடு மூடியைத் தொட்டார்கள், கைப்பிடி உறையைத் தடவினார்கள். கண்ணாடியில் இருந்த பழைய கீறலை விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்கள். அண்ணன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணும் மாறல. துடைச்சது மட்டும் நல்லா துடைச்சிருக்கீங்க" என்றார்கள் அந்தம்மா.

"சர்வீஸ் தானே? என்ன மாறப் போகுது?" என்றார் ரயில்காரர், கொஞ்சம் வேகமாகவே.

அவர் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டிலைப் பிடித்தார். நிமிர்த்தி வைத்திருந்த முதுகு, எதையோ இறக்கி வைத்த மாதிரி, மெதுவாக இளகி வந்தது. முழங்கை இரண்டும் மடிந்து விலாவோரம் தொங்கின. அவர் அண்ணனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அதே... அதே அளவா?"

"அதே அளவு" என்றார் அண்ணன். தலையில் துணி இல்லை. காது இரண்டும் ஜொலித்தன.

ரயில்காரர் வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் ஒரு கணம் தயங்கி, ஹேண்டிலை வலப்பக்கம் ஒடித்து, ஒரே வீச்சில் முழு வட்டம் அடித்துத் திரும்பினார். அண்ணன் என் கையைப் பிடித்த பிடியில் எலும்பு நொறுங்கியிருக்கும். அது போதாதென்று ரயில்காரர் மறுபடி ஒரு வட்டம் அடித்தார். அப்புறம் இன்னொன்று, அதுவும் வலப்பக்கம்தான்! ஹாரனை வேறு அடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பையன் மாதிரி, தெருவையே இரண்டாக்கிவிட்டு, ஒரு மைல் தூரத்துக்கு ஓட்டம் போய் வந்தார். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

வந்து நின்றார். இறங்கவில்லை, எஞ்சினையும் நிறுத்தவில்லை. "ஏறு, போலாம்" என்றார் மனைவியைப் பார்த்து. முகமெல்லாம் பல்.

பின்னால் உட்காருகிறவர்கள் இடப்பக்கமிருந்துதான் ஏறுவார்கள், ஓட்டுகிறவரின் இடது தோளைப் பிடித்துக்கொண்டு. வலப்பக்கம் யாரும் போக மாட்டார்கள். அங்கே சைலன்சர் கொதித்துக்கொண்டிருக்கும். அந்தம்மா ஒரு நிமிஷம் அந்த இடது தோளைப் பார்த்தார்கள். பிறகு வண்டியின் முன்னால் போய்ச் சுற்றி, வலப்பக்கம் வந்து நின்றார்கள்.

"ஏய், அந்தப் பக்கம் எங்க போற? சுடும்!"

"தெரியும். நீங்க நேரா பாருங்க."

அரை இஞ்ச் அண்ணன் எதையும் கேட்கவில்லை. கையிலிருந்த சாக்குத் துணியைத் தண்ணீர் வாளியில் முக்கி எடுத்துக்கொண்டு ஓடிப்போய், மண்டி போட்டு உட்கார்ந்து, சைலன்சர் மேல் போர்த்திப் பிடித்துக்கொண்டார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அந்தம்மா ஒரு காலை மிதியில் வைத்து, கணவரின் வலது தோளில் கையை வைத்தார்கள்.

ரயில்காரர் அந்தக் கையைப் பார்த்தார். கீழே மண்டியிட்டிருந்தவரின் சிவந்த காதைப் பார்த்தார். வண்டிக் கண்ணாடியில் மனைவியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மனைவி ஏறுவதற்கு வாகாக, அந்த வலது தோளைச் சற்றுத் தாழ்த்திக் கொடுத்தார்.